கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்: கிளிக் வராத காலத்தில் கொங்குக் கடைகளுக்கு எவ்வளவு உதவும்?

கோவையில் கிரைண்டருக்குக் கல் கொத்த ஆள் தேடுகிறவர் போனில் தேடினால், மேப்பும் அதன் கீழே மூன்று கடைகளும் வருகின்றன. கால் பட்டனைத் தொட்டதும் கடைக்காரர் பேசுகிறார். இதற்கிடையில் எந்த வெப்சைட்டும் திறக்கப்படவில்லை. தேடல் முடிவுக்கு மேலேயே ஏஐ எழுதிய பதிலைக் காட்டும் கூகுளின் ஏஐ ஓவர்வியூ 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்த பிறகு, விளக்கம் கேட்கும் தேடல்களும் இப்படியே முதல் திரையில் முடியத் தொடங்கின. அதே ஆண்டு ஸ்பார்க்டோரோ என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 58.5 சதவீதத் தேடல்களும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 59.7 சதவீதத் தேடல்களும் கிளிக் இல்லாமல் முடிந்தன.

கடைக்குள் ஆள் வர வேண்டிய வியாபாரத்துக்கு இந்த நிலையில் முதலில் கவனிக்க வேண்டியது, தேடலிலும் மேப்பிலும் கடையின் பெயர், நேரம், போன், ரிவ்யூவைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்தான். 2014-இல் கூகுள் மை பிசினஸாக வந்து, 2021-இல் பெயர் மாறியது. சேவை இலவசம். மதிப்பெண் என்றால் 5-க்கு மூன்றரை கொடுக்கலாம். போன் அழைப்பையும் வழி கேட்பவரையும் கொண்டுவந்து சேர்ப்பதில் இதற்கு இணையான இலவசக் கருவி வேறு இல்லை. ப்ரொஃபைலைக் கூகுள் முடக்கினால் மீள்வதில் உள்ள சிரமமும், புள்ளிவிவரத்தில் ஆழம் இல்லாததும்தான் மதிப்பெண்ணைக் குறைக்கின்றன.

முதலில் வெரிஃபிகேஷன். பெரும்பாலும் வீடியோதான் கேட்கும். ஒரே மூச்சில், எடிட் செய்யாமல், 30 விநாடிக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். தெருவையும் பக்கத்துக் கடைப் பலகையையும் காட்டி, உங்கள் போர்டுக்கு வந்து, ஷட்டரைத் திறந்து உள்ளே போய் பில் மெஷினையோ சரக்கையோ காட்டுங்கள். இடமும் வியாபாரமும் உண்மை என்பதோடு, அதை நடத்துகிறவர் நீங்கள் என்பதும் தெரிய வேண்டும். மூன்றாவதைக் காட்டாமல் விடுவதால்தான் பல வீடியோக்கள் திரும்பி வருகின்றன. ஆதாரையோ பாங்க் விவரத்தையோ வீடியோவில் காட்ட வேண்டியதில்லை.

பெயரில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். போர்டில் என்ன இருக்கிறதோ அதுமட்டும் இருக்க வேண்டும். கடைப் பெயரோடு 'கோவை நம்பர் ஒன் கிரைண்டர் சர்வீஸ் ரிப்பேர்' என்று ஒட்டினால் சில வாரம் மேலே வரலாம். போட்டிக் கடைக்காரர் ஒரு புகார் கொடுத்தால் ப்ரொஃபைலே முடங்கலாம். முக்கிய வகை ஒன்று, கூடுதலாக 9 வகைகள் வரை சேர்க்கலாம். கிரைண்டர் விற்பதோடு ரிப்பேரும் பார்க்கும் கடை, எதில் அதிக வருமானமோ அதை முக்கிய வகையாக வைக்க வேண்டும். விவரக் குறிப்புக்கு 750 எழுத்து இடம் உண்டு. 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று அதை வீணாக்காமல், என்ன வேலை, எந்த மாடல், எந்தப் பகுதி என்று எழுதுங்கள். வீட்டுக்கே போய் சர்வீஸ் செய்கிறவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, சேவைப் பகுதிகளாக 20 ஊர்கள் வரை கொடுக்கலாம். ஆனால் இருபதையும் போட்டுவிட்டதால் பொள்ளாச்சித் தேடலில் மேட்டுப்பாளையத்துக் கடை மேலே வந்துவிடாது. பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் கூகுள் வரிசைப்படுத்துகிறது.

வேலை நேரம் சாதாரண விஷயமாகத் தோன்றும். 'நாளைக்குக் கடை இருக்குங்களா?' என்ற கேள்விக்கு இன்று பதில் சொல்வது இந்தக் கட்டம்தான். கோனியம்மன் தேர், பண்ணாரி குண்டம், ஆடிப் பதினெட்டு போன்ற நாட்களுக்குச் சிறப்பு நேரத்தை நீங்களே போட வேண்டும். ஈரோடு ஜவுளிச் சந்தையைச் சார்ந்த கடைகளுக்குச் சந்தை நாளின் நேரமும் மற்ற நாள் நேரமும் வேறு. ஏழு நாளுக்கும் ஒரே நேரத்தைப் போட்டு வைத்தால், திறந்திருக்கும் கடையையே மூடியிருப்பதாகக் காட்டும். பொதுமக்கள் யாரும் திருத்தம் பரிந்துரைக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. வாரம் ஒருமுறை நேரத்தையும் போன் நம்பரையும் சரிபாருங்கள்.

ரிவ்யூவில் எண்ணிக்கையை விட உள்ளே இருக்கும் சொற்கள் முக்கியம். 'சூப்பர்' என்று வரும் பத்து ரிவ்யூவை விட, 'டில்டிங் கிரைண்டருக்குப் பெல்ட் மாத்தி, கல்லும் கொத்திக் குடுத்தாங்க' என்ற ஒன்று அதிகம் உதவும். அந்த வேலையைத் தேடுகிறவருக்கு, ரிவ்யூவின் அந்த வரியையே கடைப் பெயருக்குக் கீழே கூகுள் எடுத்துக் காட்டுவதுண்டு. ஆகவே ரிவ்யூ க்யூஆர் அட்டையை நீட்டும்போது, 'என்ன வேலை செஞ்சோம்னு ஒரு வரி எழுதிப் போடுங்க' என்று கேளுங்கள். தள்ளுபடி கொடுத்து ரிவ்யூ வாங்குவது விதிமீறல்.

இனி வெப்சைட். ப்ரொஃபைல் போதும், சைட்டே வேண்டாம் என்ற முடிவு தவறு. எந்தக் கேள்வி முதல் திரையிலேயே தீர்கிறது, எது தீரவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். '180 ஜிஎஸ்எம் என்றால் என்ன' என்பதற்கு ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 180 கிராம் என்று மேலேயே பதில் வந்துவிடும். திருப்பூர் பனியன் கம்பெனி அதற்கு ஆயிரம் சொல்லில் கட்டுரை போட்டுக் கிளிக்குக்காகக் காத்திருப்பது வீண் செலவு. '180 ஜிஎஸ்எம் பயோவாஷ், 50 பீஸ், நாலு கலர், பிரிண்டோடு எத்தனை நாளில் கிடைக்கும்' என்பதற்கு உங்கள் கம்பெனியைத் தவிர யாராலும் பதில் சொல்ல முடியாது. குறைந்தபட்ச ஆர்டர், சாம்பிள் கட்டணம், கலர் வாரியாக இருப்பு, அளவு அட்டவணை, டெலிவரி நாட்கள் ஆகியவற்றைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே பக்கத்தில் வையுங்கள். படத்துக்குள் இருக்கும் விலைப்பட்டியலைக் கூகுள் சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது.

கிரைண்டர் கடைக்கும் இதே கணக்குதான். மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் கெப்பாசிட்டரைப் பாருங்கள்; மோட்டார் ஓடுகிறது, டிரம் நிற்கிறது என்றால் பெல்ட்டைப் பாருங்கள் என்று ஏஐ சொல்லிவிடும். எந்த மாடலுக்கு எந்த அளவு பெல்ட், இன்று இருப்பு உண்டா, கொத்துக்கூலி எவ்வளவு என்பதை உங்கள் பக்கம் சொல்ல வேண்டும். தலைப்பு வாடிக்கையாளர் கேட்கும் கேள்வியாகவும், முதல் இரண்டு வரி எண்களோடு நேரான பதிலாகவும் இருந்தால், ஓவர்வியூ அதை எடுத்து உங்கள் பெயரோடு இணைப்பாகக் காட்டும் வாய்ப்பு கூடும்.

பதிலை எடுத்துவிடுகிறார்களே என்று கோபத்தில், பக்கத்தின் வரிகளைத் தேடல் முடிவில் காட்டாதே என்று சொல்லும் 'நோ ஸ்னிப்பெட்' குறியைப் போடுவது நமக்கே பாதகம். ஏஐ ஓவர்வியூவில் இணைப்பாக வர, பக்கம் கூகுள் இண்டெக்ஸில், அதாவது அதன் தேடல் பட்டியலில், இருப்பதோடு ஸ்னிப்பெட் காட்டவும் அனுமதி இருக்க வேண்டும். தடுத்தால் சாதாரணத் தேடல் முடிவிலும் விளக்க வரி போய்விடும். ஒரு பத்தியை மட்டும் மறைக்க 'டேட்டா நோ ஸ்னிப்பெட்' இருக்கிறது, அது போதும். கேள்வி பதில் ஸ்கீமா (பக்கத்தின் கோடில் கூகுளுக்காகச் சேர்க்கும் குறிப்பு) போட்டால் முடிவில் விரிந்து தெரியும் என்று இன்னும் சிலர் பணம் வாங்குகிறார்கள். 2023 ஆகஸ்டிலேயே அந்த வசதியை அரசு, சுகாதாரத் தளங்களோடு கூகுள் சுருக்கிவிட்டது.

அளப்பதில்தான் இந்தச் சேவை நம்மைக் கைவிடுகிறது. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் கால், வழி, வெப்சைட் கிளிக் மூன்றும் வரும். கால் என்பது பட்டனைத் தொட்ட கணக்கு மட்டுமே. நம்பரைப் பார்த்துத் தனியே டயல் செய்தவர் அதில் இல்லை. குறைவாகத் தேடப்படும் சொற்களுக்கு '15-க்குக் கீழ்' என்று மட்டும் காட்டும். சிறிய ஊர்க் கடைக்கு உபயோகமான சொற்களில் பாதி அங்கேயே புதைந்து கிடக்கும். பழைய மாதங்களை வெகுதூரம் பின்னோக்கிப் பார்க்க முடியாது என்பதால் மாதக் கடைசியில் எண்களை ஷீட்டில் குறித்து வையுங்கள். வெப்சைட்டின் தேடல் கணக்கைக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் 16 மாதம் வரை காட்டும், ஆனால் ஓவர்வியூவில் வந்த பார்வைகளைத் தனியே பிரித்துத் தராது. அதில் இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் தெரிந்த எண்ணிக்கை) ஏறி கிளிக் இறங்கினால் உடனே பதறாமல், அதே மாதத்தின் கால், வழிக் கணக்கை அருகில் வைத்துப் பாருங்கள். ப்ரொஃபைலில் கொடுக்கும் வெப்சைட் இணைப்பின் கடைசியில் யுடிஎம் என்ற அடையாளக் குறியை ஒட்டினால், அங்கிருந்து வந்தவர்கள் அனலிட்டிக்ஸில் தனியாகத் தெரிவார்கள். கால், வழி, வெப்சைட் வருகை மூன்றும் சேர்ந்து சரிந்தால்தான் உண்மையான வீழ்ச்சி.

முடக்கப்பட்டால் அப்பீல் செய்யலாம். ஆதாரம் இணைக்கும் படிவம் திறந்ததும் 60 நிமிடத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். ஜிஎஸ்டி சான்று, கடை உரிமம், கரன்ட் பில் ஆகியவற்றை முன்கூட்டியே ஸ்கேன் செய்து வையுங்கள். மூன்றிலும் பெயரும் முகவரியும் ப்ரொஃபைலோடு ஒத்துப்போக வேண்டும். காந்திபுரம் முகவரி ஒன்றிலும் பழைய குடோன் முகவரி மற்றொன்றிலும் இருந்தால், முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் படிவத்தைத் திறங்கள்.

கூகுளிலிருந்து பேசுகிறோம் என்று கூப்பிட்டு வெரிஃபிகேஷன் கோட் கேட்பவருக்கு எதையும் சொல்லாதீர்கள். ஏஜென்சியை வைத்தால் மேனேஜர் உரிமை மட்டும் கொடுங்கள். முதன்மை ஓனர் உரிமை முதலாளியின் சொந்த ஜிமெயிலிலேயே இருக்கட்டும்.