போரில் இறந்த சிப்பாயைத் தேட: காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத் தளம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

தமிழ்நாட்டில் சில ஊர்களில் பழைய சுவர்களில் ஒரு சின்னக் கல் பதித்திருக்கும். இந்தக் கிராமத்திலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று எழுதியிருக்கும். எண்ணிக்கை உண்டு, பெயர் கிடையாது. அந்தப் பெயரைத் தேட முதலில் போக வேண்டிய இடம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ஆங்கிலப் பெயர்களுக்கு ஏற்ற மாதிரி கட்டிய தளம். முனுசாமியையோ ஆரோக்கியசாமியையோ தேடுகிறவர் அதைக் கொஞ்சம் ஏமாற்றித்தான் வேலை வாங்க வேண்டும்.

ஆணையம் 1917 மே 21-ல் தொடங்கியது. அப்போது பெயரில் 'இம்பீரியல்' இருந்தது, 1960-ல் 'காமன்வெல்த்' ஆனது. செலவைப் பகிரும் ஆறு அரசுகளில் இந்தியாவும் ஒன்று. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேர் பட்டியலில் இருக்கிறார்கள். தேடுவதற்கு முன் தேதியைப் பாருங்கள்: முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. இதற்குள் பணியில் இருந்தபடி இறந்திருந்தால் குண்டடியா, காலராவா, 1918 விஷக்காய்ச்சலா என்ற பேதமில்லை, பெயர் சேரும். 1962, 1971, கார்கில் என்றால் இந்தத் தளத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம். 2019-ல் டெல்லியில் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தின் பட்டியலுக்குப் போங்கள்.

இனி தேடல். பெரும்பாலானோர் முதல் வரியிலேயே வழுக்குகிறார்கள். பெயரை அடிக்கிறார்கள், ஒன்றும் வராது, விட்டுவிடுகிறார்கள். நம் ஆட்களின் ஒற்றைப் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில்தான் இருக்கும், முதற்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அடுத்த வம்பு எழுத்துக்கூட்டு. 'சாமி' என்ற இரண்டு எழுத்தை அந்தக் கால எழுத்தர்கள் எஸ்-ஏ-எம்-ஐ என்றும், எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஒய் என்றும், எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய் என்றும் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். முனுசாமியின் 'மு' யு-வாகவும் இருக்கலாம், இரட்டை ஓ-வாகவும் இருக்கலாம்.

அதனால் பெயரை விட்டுவிட்டு ஊரைப் பிடிப்பதுதான் நல்ல வழி. பெயர்க் கட்டங்களைக் காலியாக வையுங்கள். எந்தப் படை என்பதில் இந்தியப் படையைத் தேர்ந்தெடுங்கள், எந்தப் போர் என்று குறியுங்கள், கூடுதல் தகவல் கட்டத்தில் ஊரையோ தாலுகாவையோ அடியுங்கள். இந்தியச் சிப்பாய்களின் பதிவில் பல நேரம் 'இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா, இன்ன ஜில்லா' என்று ஒரு வரி இருக்கும். இந்தத் தளத்தில் நமக்கு இருக்கும் பெரிய சொத்து அந்த வரிதான். ஆனால் ஊர், ஜில்லாப் பெயர்கள் வெள்ளைக்காரன் எழுதியபடி இருக்கும்: திருநெல்வேலி 'டின்னவெலி', திருச்சி 'ட்ரிச்சினாபொலி', தஞ்சை 'டேஞ்சூர்', காஞ்சிபுரம் 'கான்ஜீவரம்'. இன்றைய வேலூரும் கடலூரும் அன்று வட ஆற்காடு, தென் ஆற்காடு ஜில்லாக்களில் இருந்தவை. ஜில்லா முழுவதையும் தேடி, வரும் பட்டியலை எக்செலில் திறக்கும் கோப்பாக இறக்கிக்கொண்டு, தகப்பன் பெயரை வைத்துச் சலிப்பது வேகமான வேலை. திரையில் பக்கம் பக்கமாகப் புரட்டினால் அரைநாள் போய்விடும்.

படைப்பிரிவின் பெயரும் காலத்துக்குக் காலம் மாறும். முதல் போரில் 'மெட்ராஸ் ரெஜிமென்ட்' என்று தேடினால் பயனில்லை. 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, 83-வது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி, 61, 64, 81-வது பயனியர்கள், எண் போட்ட கர்நாடிக் இன்ஃபன்ட்ரிகள் என்று தனித்தனியாக இருக்கும். ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் அந்தப் போரில் '2-வது குயீன் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்'. காலாட்படை மட்டும் பார்ப்பதும் தப்பு. 'பட்டாளத்துக்குப் போனார்' என்று வீட்டில் சொல்லப்படுகிறவர் கோவேறு கழுதைப் படையிலோ, லேபர் கோர் என்ற கூலித் தொழிலாளர் படையிலோ, சமையல்காரராகவோ தண்ணீர் சுமப்பவராகவோ இருந்திருக்கலாம். இவர்களில் பலரின் பதவி 'ஃபாலோவர்' என்று வரும். இன்னொன்று, முதல் போரில் இந்தியச் சிப்பாயின் எண் அந்தந்தப் படைப்பிரிவு கொடுத்தது. அதே எண் இன்னொரு படையில் இன்னொருவருக்கு இருக்கும். பிரிவு தெரியாத எண்ணை வைத்து 'இவர்தான்' என்று முடிவு கட்டக் கூடாது.

எண்ணும் பிரிவும் சில நேரம் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கும். முதல் போரின் வெள்ளிப் பதக்கத்தைக் கையில் எடுத்து, முகத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், பிரிவு நான்கும் அந்த மெல்லிய விளிம்பில் பொறித்திருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பதக்கத்தை மெல்லத் திருப்பி நாலைந்து படம் எடுத்தால் படிக்க வரும். கூடவே சின்னத் தட்டு அளவில் வெண்கல வில்லை ஒன்று இருந்தால், அது இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுத்தது. அதில் பெயர் மட்டும்தான், பதவியோ எண்ணோ இருக்காது. தயவுசெய்து இரண்டையும் புளி போட்டுத் துலக்காதீர்கள். தேய்ந்த எழுத்து திரும்பி வராது.

பதிவு கிடைத்ததும் எல்லாரும் கல்லறைப் படம் தேடுகிறார்கள். இந்துச் சிப்பாய்களில் பலரை எரித்துவிட்டார்கள், இன்னும் பலரின் உடலே கிடைக்கவில்லை. அதனால் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நினைவுச் சின்னத்தின் பெயரும் பலகை எண்ணும்தான். அந்தப் பெயரை அப்படியே இறந்த இடமாக எடுத்துக்கொண்டால் மொத்தக் கதையும் கோணலாகிவிடும். 'டெல்லி/கராச்சி 1939-1945' என்று பார்த்ததும் தாத்தா கராச்சியில் செத்தார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது இரண்டாம் போரின்போது பிரிவினைக்கு முந்தைய இந்தியாவுக்குள் இறந்த 25,000-க்கும் மேற்பட்டவர்களுக்கான சின்னம். பிரிவினைக்குப் பின் இரண்டு நாட்டிலும் வைத்தார்கள், அவ்வளவுதான். 'ஹீலியோபோலிஸ் (போர்ட் டெவ்ஃபிக்)' என்றால் எகிப்து, பாலஸ்தீனக் களம். சூயஸ் கால்வாய் முனையில் இருந்த மூலச் சின்னம் எகிப்து-இஸ்ரேல் சண்டையில் நொறுங்கியதால் பெயர்கள் கெய்ரோவுக்கு இடம் மாறின. 'நவ் ஷப்பேல்' என்றால் பிரான்ஸ், பெல்ஜியம். 'ரங்கூன்' என்றால் பர்மாக் களம், சின்னம் டாக்யான் மயானத்துக்குள் இருக்கிறது. 'சிங்கப்பூர்' என்றால் கிராஞ்சி. அங்கே மலாயாவில் இறந்தவர்களும் சேர்ந்திருப்பார்கள்.

பாஸ்ரா தனிக்கதை. மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) இறந்த 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கான சின்னம் 1929-ல் திறந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கல்லில் பெயர். இந்தியரில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர், சாதாரணச் சிப்பாய்கள் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்ற எண்ணிக்கை. நம் ஊர்ச் சுவரில் இருக்கும் கல்லும் அதைத்தானே செய்கிறது. 1997-ல் சதாம் ஆட்சியில் அந்தச் சின்னத்தையே நசிரியா சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளிப் பெயர்த்து வைத்தார்கள். ஆக, பாஸ்ரா என்று வந்தால் கல்லில் பெயரைத் தேட வேண்டாம், தளத்தில் இருக்கும் பதிவுதான் பெயர்.

சென்னை நந்தம்பாக்கம் மயானத்துக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். மவுன்ட்-பூந்தமல்லி சாலையில், 1952-ல் அமைத்த இடம், பராமரிப்பு அருமை. கல்லறைகள் இரண்டாம் போரைச் சேர்ந்தவை. பின்பக்கம் இருக்கும் 1914-1918 சின்னத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு, ஆனால் அவர்கள் யாரும் அங்கே அடக்கமாகவில்லை. பல ஊர்களில் பராமரிக்க முடியாமல் போன மயானங்களில் கிடக்கிறவர்கள். பலகை எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் பத்து நிமிடத்தில் பெயரைப் பார்த்துவிடலாம்.

இந்தத் தளம் சாவைச் சொல்லும், வாழ்க்கையைச் சொல்லாது. எப்போது சேர்ந்தார், எந்தக் கப்பலில் போனார் என்பதற்கு வேறு கதவு தட்ட வேண்டும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் 'டபிள்யூ-ஓ 95' வரிசையில் இருக்கின்றன. இறந்த தேதியை வைத்து அந்த நாளின் பக்கத்தை எடுத்தால் மழை, அணிவகுப்பு, குண்டுவீச்சு எல்லாம் தெரியும். சிப்பாயின் பெயர் மட்டும் அநேகமாக இருக்காது. அதிகாரிக்குத்தான் பெயர், மற்றவர்கள் 'இரண்டு பேர் பலி' என்ற கணக்கு. பணம் கட்டிச் சேரும் வம்சாவளித் தளங்களில் அவசரப்பட்டு விழ வேண்டாம். அங்கே பெரிதாக விளம்பரம் செய்யும் முதல் போர்ப் பணிப்பதிவுகள் பிரிட்டிஷ் ராணுவத்தினுடையவை, அதிலும் பெரும்பகுதி 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் எரிந்துபோனது. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடைத்த முதல் போர்ச் சிப்பாய்ப் பதிவேடுகளும் பஞ்சாப் மாவட்டங்களுக்கு மட்டும்தான். நம் பக்கம் எழுதிக் கேட்க வேண்டிய இடங்கள் நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும், பெங்களூரு மெட்ராஸ் சாப்பர்ஸ் மையமும். எண், பிரிவு, இறந்த தேதி மூன்றும் இல்லாமல் எழுதினால் தேடவே முடியாது. மெட்ராஸ் காலாட்படை 1928-ல் கலைந்து, இரண்டாம் போரில்தான் மறுபடி உருவானது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் இல்லாதவர்கள் யார்? இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து இறந்தவர்கள் இல்லை. சயாம்-பர்மா ரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோய்ச் சாகடிக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளிகளும் இல்லை, ஏனென்றால் அவர்கள் படையினர் அல்ல. காஞ்சனபுரி மயானத்தில் அவர்களைத் தேடிப் பயனில்லை. அது தவிர, சேர வேண்டியவர்களே விடுபட்டதும் உண்டு. முதல் போரில் ஆப்பிரிக்க, ஆசியப் படையினரில் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரோ நினைவோ வைக்கவில்லை என்று ஆணையம் அமைத்த குழுவே 2021 அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

உங்கள் ஆள் விடுபட்டவர் என்றால் ஆணையத்துக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கும் கட்டணமில்லை. இரண்டு விஷயத்தை நிரூபிக்க வேண்டும்: குறிப்பிட்ட தேதிகளுக்குள் இறந்தார், பணியில் இருந்தபோது இறந்தார். பணியிலிருந்து அனுப்பப்பட்ட பின் இறந்தவர் என்றால், பணியில் வந்த காயமோ நோயோதான் காரணம் என்று காட்ட வேண்டும். பென்ஷன் காகிதம், டிஸ்சார்ஜ் சீட்டு, இறப்புப் பதிவு நகல், பதக்க விளிம்பின் படம் ஆகியவற்றைத் தெளிவாக ஸ்கேன் செய்து, தமிழில் இருப்பதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து அனுப்புங்கள். ஊர்க் கல்லின் படத்தையும் சேர்க்கலாம், ஆனால் பெயர் இல்லாத கல் மட்டும் சான்றாகாது.