நொய்யல் வெள்ளமா, கடல் வெள்ளமா? மாடலிங் வேலைக்கு எந்தப் பக்கம் போகலாம்

கோவையில் சிவில் முடித்த பிள்ளை "கடலோர வெள்ள மாடலிங் படிக்கப் போறேன்" என்றால் வீட்டில் முதல் கேள்வி, "கடலே இல்லாத ஊர்ல இருந்துக்கிட்டு அது எதுக்குக் கண்ணு?" என்பதுதான். கடல் பக்கத்தில் இல்லாதது ஒரு குறையே இல்லை. தண்ணீர் எங்கே, எவ்வளவு ஏறும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் மாடலிங். அதனால் இந்த வேலையில் கடலைவிடத் திரையைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். ஆற்று வெள்ளமா, கடல் வெள்ளமா என்று யோசிப்பதுதான் உபயோகம்.

கணக்கு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. தண்ணீர் வரும் வழிதான் வேறு. மேட்டூர் நிரம்பி இரண்டு லட்சம் கனஅடியைத் தாண்டித் திறந்துவிட்டால், பவானி, பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குள் காவிரி நுழைந்துவிடும். 2022 ஆகஸ்டில் நுழைந்தது. அங்கே திறப்பளவாவது கையில் இருக்கும். நொய்யலில் அதுவும் கிடையாது. சித்திரைச்சாவடி தொடங்கி வாய்க்கால், குளம், சாக்கடை, ஆக்கிரமிப்பு என்று எல்லாம் பின்னிக் கிடக்கும். மழையன்று மதகு திறந்திருந்ததா என்பதை ஊருக்குள் போய்த்தான் விசாரிக்க வேண்டும்.

கடலில் முதலில் புயல். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் ஏறும். அது சின்னப் பங்குதான். காற்று கரைக்குத் தள்ளும் நீர்தான் பெரிது, ஆழம் குறைந்த கரையில் இன்னும் பெரிது. மேலே ஓதமும் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) அலையும் சேரும். 2018இல் கஜா கரை கடந்த நாகை, வேதாரண்யம் பக்கம் தரை தட்டையானது. இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயர வரைபடத்தில் சில மீட்டர் பிழை சகஜம். மேடான ஆற்றங்கரையில் அந்தப் பிழை வெள்ளத்தின் எல்லையைக் கொஞ்சம்தான் நகர்த்தும். வேதாரண்யத்தில் ஒரு மீட்டர் தப்பினால் முழு கிராமமே வரைபடத்தில் நனையும், இல்லை நனையாமல் தப்பும். கடல் மாடலிங்கில் பாதி உழைப்பு இந்தத் தரை உயரத்தைச் சரிசெய்வதிலேயே போய்விடும். வெளியே யாருக்கும் தெரியாது!

மென்பொருளுக்குக் காசு பிரச்சினை இல்லை. ஆற்றுக்கு ஹெக்-ராஸ், நகர மழைநீருக்கு ஸ்வம், இரண்டும் இலவசம். கடலுக்கான ஸ்வான், டெல்ஃப்ட்3டி ஆகியவையும் திறந்த மூல மென்பொருளாக இலவசமாகவே கிடைக்கும். ஆனால் ஹெக்-ராஸை லேப்டாப்பில் நாமே பழகிவிடலாம். கடல் பக்கம் லினக்ஸ், கொஞ்சம் ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல் மொழி, நிறையப் பொறுமை வேண்டும்.

வேலைவாய்ப்பில் ஆறு அகலம். டிஎன்பிஎஸ்சி எழுதி நீர்வளத்துறை, பொறியியல் பணித் தேர்வு எழுதி மத்திய நீர் ஆணையம், அப்புறம் ஆலோசனை நிறுவனங்கள். கடலுக்கு ஹைதராபாத்தில் இன்காய்ஸ் (கடல் தகவல் சேவை மையம்), சென்னை பள்ளிக்கரணையில் என்ஐஓடியும் (கடல் தொழில்நுட்பக் கழகம்) என்சிசிஆரும் (கடலோர ஆராய்ச்சி மையம்), புனேயில் மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம், துறைமுக ஆலோசனை நிறுவனங்கள் என்று சிலவே. பல பதவிகள் திட்டம் முடியும் வரைதான். பி.இ. மட்டும் போதாது. ஐஐடி மெட்ராஸ் கடல்சார் பொறியியல் மாதிரி ஓர் இடத்தில் எம்.டெக் தேவைப்படும், அதற்கு முன் கேட் நுழைவுத் தேர்வு.

என்னைக் கேட்டால், வீட்டுக்கு உடனே சம்பளம் வேண்டுமென்றால் ஆறுதான். படிக்க அவகாசமும் கோடிங்கில் ஆசையும் இருந்தால் கடல். ஆனால் நொய்யலில் கை பழகிவிட்டுக் கடலுக்குப் போகிறவரைத்தான் நான் முதலில் வேலைக்கு எடுப்பேன். முகத்துவாரத்தில் கடல் ஏறி நின்றால் அடையாறு வடியாது. மழை, ஆறு, ஓதம் மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் சென்னைக்கு எச்சரிக்கை சொல்ல முடியும். என்சிசிஆரின் சென்னை வெள்ள எச்சரிக்கை அமைப்பு அப்படித்தான் வேலை செய்கிறது.