ராத்திரிக் கரண்டா, பகல் வெயிலா?

இங்கிலாந்தில் இருக்கும் அண்ணன் மகன் சென்ற தடவை பள்ளத்தூர் வந்திருந்தபோது தன் செல்போனில் ஒரு வரைபடத்தைக் காட்டினான். நடுராத்திரி பன்னிரண்டரைக்கு அவன் வீட்டு பேட்டரி தானாக நிரம்பத் தொடங்குகிறது. விடிகாலை ஐந்தரைக்கு நின்றுவிடுகிறது. அந்த ஐந்து மணி நேரம் மட்டும் அவனுக்கு யூனிட் விலை பகல் விலையில் மூன்றில் ஒரு பங்கு. விடிந்த பிறகு அன்றைக்கு வீடு ஓடுவது பெரும்பாலும் அந்த பேட்டரியில்தான். "சித்தப்பா, நம்ம வீட்டுலயும் ராத்திரி ரொப்பிப் பகல்ல செலவு பண்ணலாமே" என்றான்.

நானும் அப்போது அந்த யோசனையில்தான் இருந்தேன். பேட்டரி வாங்குவது முடிவாகிவிட்டது. அதை ராத்திரி ஈபி கரண்டில் நிரப்புவதா, தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், சோலார் போட்டுப் பகல் வெயிலில் நிரப்புவதா என்பதுதான் கேள்வி. காரைக்குடியில் ஒரு கடைக்காரர் டைமர் வைத்து ராத்திரி சார்ஜ் ஆகும்படி செய்து தருவதாகச் சொன்னார். செலவும் குறைவு. ஆனாலும் நான் வெயில் பக்கம் போனேன். இரண்டு வருஷம் ஆகிறது.

அவன் ஊரில் ராத்திரி கரண்ட் மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஊர் தூங்கும் நேரத்தில் தேவை விழுந்துவிடும். அணு உலையையும் பெரிய அனல் நிலையத்தையும் நினைத்தபோது குறைத்துக் கூட்ட முடியாது. மீந்துபோகும் கரண்டை மலிவாகத் தள்ளிவிட 1978லேயே அங்கே ஏழு மணி நேர ராத்திரிக் கட்டணம் கொண்டுவந்தார்கள். இப்போது ராத்திரிக் காற்றாலையும் சேர்ந்துகொண்டது. நம் பக்கத்தில் மீந்து நிற்பது பகல் வெயில். அதனால்தான் 2023இல் மத்திய அரசு செய்த விதித் திருத்தம்கூட, சூரிய நேரத்தில் விலை வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் கீழே இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் ராத்திரிச் சலுகை என்று இருப்பது உயரழுத்த ஆலைகளுக்கு, இரவு 10 மணி முதல் காலை 5 வரை, அதுவும் 5 சதவீதம்தான். நம் வீட்டு மீட்டருக்கு ராத்திரியும் பகலும் ஒன்று.

சரி, நாளைக்கே வீட்டுக்கும் அந்த 5 சதவீதம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு உதைக்கிறது. பேட்டரிக்குள் போன கரண்ட் முழுசாக வெளியே வராது. லித்தியம் பேட்டரியில் 10 யூனிட் போட்டால், இன்வெர்ட்டர் தின்றது போக எட்டரை யூனிட் கைக்கு வரும். தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கிற பழைய வகை டியூபுலர் பேட்டரி என்றால் ஏழு, ஏழரை. ஒன்பதரை யூனிட்டுக்குக் காசு கொடுத்து எட்டரை யூனிட் வாங்குகிறோம். அண்ணன் மகனோ சுமார் மூன்றேகால் யூனிட்டின் பகல் விலைக்கு எட்டரை யூனிட் வாங்குகிறான். அவனுக்குக் கட்டுப்படியாவதும் நமக்குக் கட்டாததும் இந்த இடத்தில்தான். பேட்டரி எந்தக் கம்பெனி, எத்தனை வருஷ உத்தரவாதம் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்.

இதைவிடப் பெரிய அடி யூனிட் கூடக்கூட விலை ஏறும் நம் படிக்கட்டுக் கட்டணத்தில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போகிற யூனிட் மட்டும் விலை ஏறுவதில்லை. கீழ்ப்படிகளில் கிடைத்த மலிவு விலையும் போய்விடுகிறது. 2024 ஜூலைக் கட்டணப்படி 500க்கு மேல் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல். ஆத்தாவுக்காக ஏசி போட்ட பிறகு எங்கள் ரீடிங் சித்திரை, வைகாசியில் 480, 490 என்று விளிம்பில் நின்றது. பேட்டரி வழியாக நாளைக்கு ஐந்து யூனிட் சுற்றினாலே முக்கால் யூனிட் வீணாகப் போகும். இரண்டு மாதத்தில் அது 45 யூனிட். விளிம்பில் நிற்பவனைப் பின்னாலிருந்து தள்ள அது போதும். சோலார் இதற்கு நேர் எதிர். அது கழிக்கிற ஒவ்வொரு யூனிட்டும் மேல் படியிலிருந்து, அதாவது விலை அதிகமான இடத்திலிருந்து கழிகிறது.

இடம்தான் எங்களைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. வீட்டு நடுமுற்றமான வளவைச் சுற்றி நாட்டோட்டுச் சரிவு. அதில் ஆள் ஏறினாலே ஓடு நொறுங்கும். முகப்புக்கு மேலே இருக்கும் தட்டட்டிதான் கதி. பழைய சுண்ணாம்புத் தளத்தைத் துளைக்க மனசு வரவில்லை. கான்கிரீட் கட்டைகளை வைத்து அதன்மேல் சட்டத்தை நிறுத்தினோம். 3 கிலோவாட். நல்ல வெயிலில் நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் வருகிறது. மத்திய அரசுத் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைத்தது. பேட்டரிக்கு அதில் மானியம் கிடையாது. அது முழுக்கக் கைக்காசு.

பில் குறைவது மட்டும் போதும் என்பவர்களுக்கு பேட்டரியே வேண்டாம். ஈபியிடம் வாங்கியதையும் கொடுத்ததையும் கணக்கிடும் நெட் மீட்டர் இருந்தால் பகலில் ஈபிக்குப் போகிற யூனிட் கணக்கில் கழிந்துவிடும். ஆனால் பேட்டரி இல்லாமல் ஈபி கம்பியோடு இணைத்த சாதாரண ஆன்-கிரிட் சோலார், ஈபி போன நொடியில் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். உச்சி வெயில் காயும்போதே வீடு இருட்டும். அதனால் சோலார், பேட்டரி, ஈபி மூன்றையும் சேர்த்து ஓட்டும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் ஐந்து யூனிட் பிடிக்கும் லித்தியம் பேட்டரியும் வாங்கினேன். சாயங்காலம் ஆறரைக்குக் கரண்ட் போனால் இரண்டாங்கட்டில், அதாவது வீட்டின் உள்பகுதியில், ஆத்தா தலைக்கு மேல் ஓடுகிற ஃபேன் சுழற்சி குறையாமல் ஓடும். தெருவில் பக்கத்து வீடுகள் இருட்டியதைப் பார்த்துத்தான் கரண்ட் போனதே எங்களுக்குத் தெரியும்.

வருஷத்தில் பத்து மாசம் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன்: டியூபுலர் வைக்காதீர்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஆளில்லாமல் எங்கள் பங்காளி வீட்டு பேட்டரி இரண்டும் காய்ந்து, டெர்மினலில் வெள்ளைப் பொடி பூத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயில் கைவிடும். அந்த நாட்களில் நானும் ஈபியில்தான் பேட்டரியை நிரப்பிக்கொள்கிறேன், கரண்ட் போனால் உதவும் என்பதற்காக மட்டும். பேட்டரி பத்து வருஷம் உழைக்கும் என்பது உத்தரவாத அட்டை சொல்வது. என் அனுபவம் இரண்டு கோடையைத்தான் கண்டிருக்கிறது. அந்த இரண்டு கோடையிலும் ரீடிங் 500 பக்கம் வரவில்லை.