சிஎஸ்50: பனியன் கம்பெனி அக்கவுண்ட்ஸிலிருந்து கோடிங்குக்குப் போன 14 மாதம்

ஹார்வர்ட் பல்கலைக்கழகம் ஆன்லைனில் தரும் சிஎஸ்50 என்ற கம்ப்யூட்டர் அறிவியல் அறிமுகப் படிப்பை முடித்து மூன்று வாரம் ஆகிறது. தொடங்கிய நாளிலிருந்து கணக்குப் போட்டால் 14 மாதம். நான் பி.காம்., திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எட்டு வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், டேலியும் எக்செலும்தான் எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர். வேறு வேலையில் இருந்துகொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, ராத்திரியில் உட்கார்ந்து கோடிங் கற்றுக்கொள்ள முடியுமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இதற்கு முன்னால் எங்கள் பகுதியில் ஒரு கோச்சிங் சென்டரில் 18,000 ரூபாய் கட்டி ஆறு மாத கோர்ஸில் சேர்ந்திருந்தேன். பெயர் வேண்டாம். திரையில் தெரியும் கோடைப் பார்த்து அப்படியே டைப் செய்ய வேண்டும், ஓடினால் அடுத்த பாடம். இந்த இடத்தில் ஏன் இந்த அடைப்புக்குறி என்று கேட்டால், "அது சின்டாக்ஸ் மேடம், அப்படித்தான்" என்பார்கள். இரண்டு மாதத்தோடு நின்றுவிட்டேன், இது எனக்கு வராது என்று முடிவும் செய்துவிட்டேன். அப்புறம் ஒரு நாள் சித்தி பையன் போனில், "அக்கா, காசு கட்டாம ஒண்ணு இருக்கு, முதல் வாரத்த மட்டும் பாருக்கா, பிடிக்கலைன்னா விட்டுரு" என்று லிங்க் அனுப்பினான்.

பாடம் எடுப்பவர் டேவிட் மாலன், 2007 முதல் இதை நடத்துகிறார். அவரே ஹார்வர்டில் அரசியல் படிக்கப் போனவர், இரண்டாம் வருடம் இதே சிஎஸ்50 வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் துறையை மாற்றிக்கொண்டவர். அன்று அவருக்குப் பாடம் எடுத்தவர் பிரையன் கெர்னிகன். முதல் வகுப்பிலேயே மாலன் தன் கதையைச் சொல்வார், எனக்கு அது அப்போதே ஒட்டிக்கொண்டது. 2012-லிருந்து எட்எக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளம் வழியாக யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கட்டங்களை இழுத்து ஒட்டி ப்ரோக்ராம் செய்யும் ஸ்க்ராட்ச்சில் தொடங்கி, சி மொழி, அதிலேயே அல்காரிதம் (ஒரு வேலையைச் செய்யும் படிப்படியான வழி), மெமரி, டேட்டா ஸ்ட்ரக்சர் (தகவலை அடுக்கிவைக்கும் விதம்) எல்லாம் பார்த்துவிட்டு, ஆறாவது வாரத்தில்தான் பைத்தான் மொழி வருகிறது, பிறகு டேட்டாபேஸில் தேட எஸ்க்யூஎல், வெப்சைட் செய்ய ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்க்ரிப்ட், ஃப்ளாஸ்க், கடைசியாக நாமே செய்யும் ப்ராஜெக்ட். வாரம் என்று பெயர்தான், ஒரு 'வாரத்துக்கு' எனக்குச் சில சமயம் ஒன்றரை மாதம் ஆனது. மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன்களில் ஜிஎஸ்டிஆர்-1 போடும் 11-ஆம் தேதியும் 3பி போடும் 20-ஆம் தேதியும் நெருங்கும் நாட்களில் லேப்டாப்பைத் திறக்கவே முடியாது.

வீடியோக்கள் அருமை, அதில் சந்தேகமில்லை. தடிமனான டெலிபோன் டைரக்டரியைப் பாதி பாதியாகக் கிழித்துப் பெயர் தேடும் அந்தக் காட்சி, 1000 பக்கம் இருந்தாலும் பத்தே தடவையில் ஒரே பக்கத்துக்கு வந்துவிடலாம் என்று புரியவைப்பது, எனக்கு ஆயுசுக்கும் மறக்காது. ஆனால் இந்தப் படிப்பின் உயிர் வீடியோவில் இல்லை, ப்ராப்ளம் செட்டில் இருக்கிறது. வீடியோ மட்டும் பார்த்துவிட்டு சிஎஸ்50 முடித்தேன் என்று யாராவது சொன்னால் அவர்கள் முக்கியமானதைத் தொடவே இல்லை என்பேன். வாரா வாரம் கணக்கு கொடுப்பார்கள், விடை கொடுக்க மாட்டார்கள். நாம் எழுதியதை செக்50 என்ற கருவி பத்துப் பன்னிரண்டு விதமாகச் சோதித்து, எது தவறு என்று சிவப்பில் காட்டும். ஏன் தவறு என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் வார கணக்குகளில் ஒன்று கிரெடிட் கார்டு எண் சரியா என்று பார்ப்பது. கடைசிக்கு முந்தைய இலக்கத்தில் தொடங்கி ஒன்று விட்டு ஒன்றை இரண்டால் பெருக்கி, வரும் இலக்கங்களைக் கூட்டி, மீதி இலக்கங்களையும் அதோடு சேர்த்தால் கூட்டுத்தொகை 0-வில் முடிய வேண்டும். ஒரே ஒரு இலக்கத்தை மாற்றி அடித்தாலும் கணக்கு உதைக்கும். லூன் அல்காரிதம் என்று பெயர். நான்கு ராத்திரி போனது இதற்கு. நான்காவது ராத்திரி செக்50 முழுக்கப் பச்சையாக வந்தபோது எனக்குத் தோன்றியது கார்டு பற்றி இல்லை, நம் ஜிஎஸ்டி எண் பற்றி. 15 எழுத்து, முதல் இரண்டு மாநிலம், நமக்கு 33, அடுத்த பத்து பான், பதின்மூன்றாவது அதே பானில் எத்தனையாவது பதிவு என்பது, அப்புறம் ஒரு இசட். அந்தக் கடைசி எழுத்து எதற்கு? எட்டு வருடமாக ஆயிரக்கணக்கான தடவை டைப் செய்திருக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை. தேடிப் பார்த்தால் அதுவும் இதே குடும்பம்தான்: பத்து எண்ணும் 26 எழுத்தும் சேர்த்து 36-ஐ வைத்துப் போடும் சோதனை எழுத்து, முன்னால் உள்ள 14-இல் ஒன்றைத் தவறாக அடித்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த ராத்திரியே அதை சி மொழியில் எழுத உட்கார்ந்தேன். கோர்ஸ் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. அம்மா எழுந்து வந்து, "அம்மிணி, மணி ஒண்ணாச்சு, கண்ணு கெட்டுப்போயிரும், படு" என்றார். ஒன்பதரை மணி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிடித்த வேலை எது என்று இருபது வயதிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருந்தேன், பேங்க் எக்ஸாம், சி.ஏ. இன்டர், டீச்சர் வேலை என்று எல்லாவற்றையும் மனதுக்குள் போட்டுப் பார்த்திருக்கிறேன், யோசித்ததில் ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்குத் தெரிந்தது.

லூன் யார் என்று பிறகு படித்தேன். ஹான்ஸ் பீட்டர் லூன், ஜெர்மனியில் பிறந்தவர், 1941-ல் ஐபிஎம்மில் சேர்ந்தவர், இந்த எண் சோதனைக்கான காப்புரிமை 1960-ல் கிடைத்தது. அதற்கு முன் அவர் இருந்தது ஜவுளித் துறையில்! துணியில் இழை எண்ணுவதற்கு லூனோமீட்டர் என்று ஒரு கருவி கண்டுபிடித்தவர். துணிக்கு நடுவிலேயே வாழும் ஊரில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சரி, கஷ்டங்களுக்கு வருகிறேன். நான்காவது வாரம் மெமரி, பாயிண்டர். இங்கே நான் இரண்டு மாதம் நின்றேன். ஒரு எண் இருக்கும் இடத்தின் முகவரி, அந்த முகவரியை வைத்திருக்கும் இன்னொரு இடம் என்று வீடியோவில் கேட்கும்போது தெளிவாக இருக்கும், எழுதப் போனால் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக் கூடாத மெமரியைத் தொட்டு ப்ரோக்ராம் நின்றுவிடும் பிழை. கடைசியில் எனக்குப் புரிந்தது லெட்ஜர் ஃபோலியோ வழியாகத்தான்: ஜர்னலில் தொகைக்குப் பக்கத்தில் எழுதும் அந்தப் பக்க எண் பணம் இல்லை, பணத்தின் விவரம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுவது. பாயிண்டரும் அவ்வளவுதான். அதே வாரத்தில் ரெக்கவர் என்று ஒரு கணக்கு உண்டு. அழிந்துபோன மெமரி கார்டின் பிரதி ஒன்றைக் கொடுப்பார்கள், 512 பைட்டாகப் படித்துக்கொண்டே போய், 255, 216, 255 என்று தொடங்கும் இடம் வந்தால் அங்கே ஒரு ஜேபெக் படம் ஆரம்பிக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் படம் திரையில் திறந்தபோது கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே. மொத்தம் 50 படம்.

குறை என்று பார்த்தால், ஸ்க்ராட்ச்சிலிருந்து சி-க்குத் தாவும் இடம் செங்குத்து, புதியவர்களில் பலர் அங்கேயே விழுந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். மாலன் வேகமாகப் பேசுவார், ஆங்கிலம் அவ்வளவாகப் பழகாதவர்கள் 0.75 வேகத்தில் சப்டைட்டில் போட்டுப் பாருங்கள், நான் முதல் ஐந்து வாரமும் அப்படித்தான் பார்த்தேன். எஸ்க்யூஎல் வாரத்துக்கு முன் கணியம் தளத்தில் மைஎஸ்க்யூஎல் பற்றித் தமிழில் இருக்கும் இலவச மின்னூலைப் படித்தேன், அது பெரிய துணை. பைத்தான் மட்டும் போதும், சி வேண்டாம் என்பவர்களுக்கு இலவச ஆன்லைன் பாடத் தளமான என்பிடெலில் சென்னை கணிதக் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான், அல்காரிதம் பாடம் இருக்கிறது, நிதானமாகச் சொல்வார். ஆனால் சி-யைத் தாண்டி வந்ததால்தான் பைத்தான் எனக்கு மூன்றே நாளில் பிடிபட்டது, அந்த நான்கு மாதத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செலவு: படிப்பு இலவசம். ஒவ்வொரு ப்ராப்ளம் செட்டிலும் கடைசி ப்ராஜெக்டிலும் 70 சதவீதம் எடுத்தால் சிஎஸ்50 தரும் சான்றிதழும் இலவசம், எட்எக்ஸின் சான்றிதழ் வேண்டுமென்றால்தான் பணம். எழுதும் இடம் ப்ரவுசரிலேயே திறக்கும் விஎஸ் கோட், அதனால் 14,000 ரூபாய்க்கு வாங்கிய என் செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பே போதுமாக இருந்தது, நெட் மட்டும் ஒழுங்காக வேண்டும். வருடம் மாறினாலும் முடித்த கணக்குகள் கணக்கில் இருக்கும், திரும்பச் செய்ய வேண்டாம். சாட்ஜிபிடி மாதிரி வெளிக் கருவிகளிடம் விடை கேட்கக் கூடாது என்பது விதி. அவர்களே வாத்து வடிவில் ஒரு ஏஐ உதவியாளர் வைத்திருக்கிறார்கள், அது நம்மைத் திருப்பிக் கேள்வி கேட்டு வழி காட்டும். விதியை மீறினால் யாருக்கும் தெரியாமல் போகலாம், ஆனால் அந்த நான்கு ராத்திரி உங்களுக்குக் கிடைக்காமல் போய்விடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கடைசி ப்ராஜெக்ட்டுக்கு நான் எழுதியது எங்கள் ஜாப் ஒர்க் கணக்கு. டையிங்குக்கு எத்தனை கிலோ துணி எந்த டெலிவரி சலானில் போனது, எத்தனை கிலோ திரும்பியது, பிராசஸ் லாஸ் எவ்வளவு, எந்த சலான் இன்னும் முடியவில்லை. ஃப்ளாஸ்க்கும் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸும்தான். முன்பு மாதக் கடைசியில் இரண்டு பேர் மூன்று நாள் உட்கார்ந்து டிக் அடித்த வேலை. முதலாளியிடம் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "இதுல கட்டிங் கணக்கும் வருமாம்மா?" என்று கேட்டார். வரும் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது மதியம் வரை அக்கவுண்ட்ஸ், அதற்கப்புறம் இந்த வேலை. சம்பளம் இன்னும் அதேதான், தீபாவளிக்குப் பிறகு பேசலாம் என்றிருக்கிறார். ராத்திரியில் சிஎஸ்50-இன் எஸ்க்யூஎல் படிப்பைத் தொடங்கிவிட்டேன்.

யாராவது இன்று தொடங்கினால், முதல் வாரத்தில் மரியோ கணக்கை மட்டும் முடித்துப் பாருங்கள், ஹேஷ் குறியால் ஒரு படிக்கட்டு வரைவது. அந்தப் படிக்கட்டு கோணலாக வரும்போது எரிச்சலில் மூடிவைக்கத் தோன்றுகிறதா, இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். அந்த ஜிஎஸ்டி எண் ப்ரோக்ராமைப் பைத்தானில் திருப்பி எழுதி ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறேன். இந்த மாதம் இரண்டு நூல் மில் பில்லில் எண் தவறு என்று பிடித்துக் கொடுத்தது.