சேற்றுப் போட்டிக்கு எந்த டயர்: ரேடியலா, நைலானா, போகரா, டிராக்டர் டயரா?

டயர் வாங்க வருகிறவர்கள் முதலில் விரலை விட்டுப் பார்ப்பது பட்டனின் (தரையைப் பிடிக்கத் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டை) ஆழத்தைத்தான். ஆழம் வேண்டியதுதான். ஆனால் சேற்றில் இரண்டு சுற்று சுற்றியதும் எந்த டயரின் பள்ளமும் நிரம்பிவிடும். நிரம்பியது வெளியேறாவிட்டால் 25 மி.மீ. பட்டன் இருந்தும் அது வழுக்கை டயர்தான். அதனால் கேட்க வேண்டியது வேறு: இந்த டயர் எந்த வேகத்தில் சேற்றைக் கக்கும்? அந்த வேகத்தில் சக்கரத்தைச் சுற்ற என் வண்டிக்குத் தெம்பு உண்டா?

கணக்கு எளிது. 35 அங்குல டயரின் விளிம்பு மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் சுற்றும்போது, அதில் ஒட்டிய சேற்றை வெளியே வீசும் விசை அந்தச் சேற்றின் எடையைப் போல 1.8 மடங்குதான். 20 கி.மீ.யில் 7 மடங்கு. 30 கி.மீ.யில் 16 மடங்கு. வேகம் மூன்று மடங்கானால் வீச்சு ஒன்பது மடங்காகிறது. பெட்ரோல் வண்டி முறுக்கிச் சுற்றி வெளியே வந்துவிட, அதே டயர் போட்ட பழைய டீசல் ஜீப் நின்ற இடத்திலேயே உருண்டு குழி தோண்டுவது இதனால்தான். வண்டியைப் பார்க்காமல் டயரை மட்டும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

இங்கே பேசப்போவது மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மழைக்காலப் போட்டிகளுக்கான டயர். 1997-ல் மலேசியாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற ஆஃப்ரோடு போட்டியின் இந்தியப் பதிப்பு 2014-ல் கோவாவில் தொடங்கியது. அது ஜூலை மழைக்கென்றே வைத்த போட்டி. கேரள மலையோரத்து மட் ரேஸ்களும் இதே வகை. களத்தில் பெரும்பாலும் ஜிப்ஸி, தார், பழைய மஹிந்திரா ஜீப்.

முதலில் மண்

தடத்து மண்ணை ஒரு பிடி எடுத்து உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டிப் பாருங்கள். புரி போல நீளமாக வந்தால் களி. டயரில் அப்பிக்கொள்ளும் ரகம். உதிர்ந்தால் மணல் கலந்த வண்டல். அது தானே கழன்றுவிடும், எந்த டயரும் ஓடும். கோவா, கேரளச் செம்மண் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும். மேலே வழவழப்பு, உள்ளே சரளையும் துருக்கல்லும். கரிசல் இதற்கெல்லாம் அண்ணன். அதில் டயரோடு ஃபெண்டரின் உட்புறமும் அடைத்துச் சக்கரமே சுற்றாமல் நிற்கும்.

அடுத்து, ஒரு கம்பியைக் குத்தி அடித்தளம் எங்கே என்று பாருங்கள். வயல் சேற்றில் உழவுக் கால் படும் ஆழத்துக்குக் கீழே பெரும்பாலும் இறுகிய தட்டு இருக்கும். அங்கே உயரமும் ஒல்லியுமான டயர் சேற்றை வெட்டி இறங்கித் தட்டைப் பிடிக்கும். அகல டயர் மேலே மிதந்து, முன்னால் சேற்றைக் குவித்து, தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும். கம்பி இறங்கிக்கொண்டே போனால் கதை தலைகீழ்: அகலமும் குறைந்த காற்றும்தான் காப்பாற்றும். 'ஒல்லி நல்லதா, அகலம் நல்லதா' என்று வருடக்கணக்காகச் சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் வேறு வேறு சேற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ரேடியல் மட் டெரெய்ன்

பிஎஃப்குட்ரிச் கேஎம்3, யோகோஹாமா ஜியோலாண்டர் எம்/டி, மிக்கி தாம்ப்சன் பாஹா எல்லாம் இந்த வகை. பட்டன் ஆழம் பொதுவாக 14–16 மி.மீ. ட்ரெட்டின் (தரையைத் தொடும் பகுதி) அடியில் இரும்புப் பட்டை, சைடு வாலில் (பக்கச் சுவர்) மெல்லிய பாலியெஸ்டர் அடுக்கு. காற்றை இறக்கினால் தரையைத் தொடும் தடம் நீளவாக்கில் வளரும். சேற்றில் அது பெரிய வரம். அதிகப் பட்டன்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யும், உருள்தடையும் குறையும். கேஎம்3-இன் தோள்பட்டைப் பள்ளங்களில் மேடு மேடாகச் சிறு பட்டைகள் இருக்கும். பள்ளம் வளையும்போது களி பற்றிக்கொள்ளாமல் உதிரத்தான் அவை.

குறை இரண்டு. பட்டன்கள் நெருக்கமானவை, ரோட்டில் சத்தமும் தேய்மானமும் குறைய வேண்டுமென்று அப்படிச் செய்தது. அதனால் பள்ளம் சுத்தமாக வேகம் வேண்டும். மணிக்கு 25–30 கி.மீ. அளவுக்குச் சக்கரத்தைச் சுற்ற முடியாத வண்டியில் களி இதில் உட்கார்ந்துவிடும். இரண்டாவது, சைடு வால். செம்மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் துருக்கல் விளிம்பு அதைக் கிழித்தால் நம்பகமான ரிப்பேர் கிடையாது. ட்ரெட் பகுதியில் ஆணி குத்தினால் பிளக் போட்டு ஓட்டலாம். சைடு வாலில் மூன்று விரல் நீளக் கிழிசல் என்றால் அந்த டயரோடு போட்டி முடிந்தது.

நைலான் போட்டி டயர்

கடைக்காரர் நைலான் என்று சொல்லும் பயாஸ் டயர்தான் இந்தக் களத்தின் உண்மையான ராஜா. மேக்சிஸ் ட்ரெபடார், மலேசியத் தயாரிப்பான சில்வர்ஸ்டோன் எம்டி-117 எக்ஸ்ட்ரீம், சிமெக்ஸ், அமெரிக்காவின் லூசியானாவைச் சேர்ந்த இன்டர்கோவின் சூப்பர் ஸ்வாம்பர் டிஎஸ்எல் ஆகியவை தெரிந்த பெயர்கள். பட்டன் ரேடியலைவிட ஆழம். பள்ளங்கள் அகலமாகத் தோள்பட்டை வரை திறந்திருக்கும். சைடு வாலின் மேல்பகுதி வரை பட்டன் இறங்கி வந்திருக்கும். வண்டி தடச்சாலில் விழும்போது சுவரைப் பிடித்து ஏறுவது அந்தப் பக்கப் பட்டன்தான். ரேடியலில் பெரிதாகக் கிடைக்காத நன்மை இது.

பீடிலிருந்து (ரிம்மைப் பிடிக்கும் ஓரம்) பீட் வரை அடுக்குகள் குறுக்கு மறுக்காகப் போவதால், ட்ரெட்டின் அடியில் உள்ள அத்தனை அடுக்கும் சைடு வாலிலும் இருந்து அதைத் தடிமனாக்கும். வெட்டு விழுந்தால் உள்ளே கெய்ட்டர் (தடித்த ஒட்டுத் துண்டு) வைத்து, ட்யூப் போட்டுப் போட்டியை முடிக்கலாம். ஆனால் அதே தடிமனால் டயர் எளிதில் தட்டையாகாது. ஜிப்ஸி போல ஒரு டன் எடைகூட இல்லாத வண்டியில் காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ வைத்தால் நைலான் டயர் கல் மாதிரி நிற்கும். 8–10 வரை இறக்கினால்தான் உயிர் வரும். அதற்குப் பீட்லாக், அதாவது டயரின் ஓரத்தை ரிம்மோடு போல்ட் போட்டு இறுக்கும் வளையம், வேண்டும். ஆக, நைலான் வாங்குகிறவர் பீட்லாக் செலவையும் சேர்த்தே விலையை ஒப்பிட வேண்டும். இதை மறந்து பட்ஜெட் போடுகிறவர்கள்தான் அதிகம்.

ரோட்டில் இது தொந்தரவு. இரவு நின்ற இடத்தில் அடி தட்டையாகி, காலையில் முதல் சில கிலோமீட்டர் ஸ்டியரிங் உதறும். ஈரத் தாரில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும்.

போகர்

சூப்பர் ஸ்வாம்பர் போகரும் அதைப் பார்த்துச் செய்த துடுப்பு வகை டயர்களும். குறுக்கே நீண்ட கட்டைகள். ஒவ்வொன்றும் சேற்றை அள்ளிப் பின்னால் எறியும். நேர்கோட்டுச் சேற்றுக் குளத்தில், ஆக்சிலேட்டரை மிதித்தபடி பாய்வதற்கு இதற்கு நிகரில்லை. மற்ற எல்லா இடத்திலும் சுமார்தான். பக்கவாட்டுப் பிடி குறைவு. சரிவில் குறுக்கே போகும்போது பின்பக்கம் மெல்ல வழுக்கி இறங்கும். வேகம் விட்டால் முன்னேறாமல் கீழே தோண்டும். வண்டி ஆக்சிலில் உட்கார்ந்தபின் வின்ச் (வடம் சுற்றி இழுக்கும் கருவி) தவிர வழியில்லை. மரத்தடி, சரிவு, ஓடை, வின்ச் என்று கலந்து வரும் நம் ஊர்ப் போட்டிகளுக்கு இது பொருந்தாது. நேரடி மட் ரேஸ் மட்டும் ஓட்டுகிற, குதிரைசக்தி மிகுந்த வண்டிக்கு வாங்கலாம்.

டிராக்டர் டயர்

கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். மெதுவான வேகத்தில் களியைக் கக்குவதில் இதை வெல்ல ஆளில்லை. மணிக்கு ஐந்தாறு கி.மீ. வேகத்தில் உழுவதற்கென்றே செய்தது. நீண்ட சாய்ந்த கட்டைகள், நடுவே தோள்பட்டை வழியாக வெளியே திறக்கும் வாய்க்கால். கட்டை அழுந்தும்போது சேறு பக்கவாட்டில் பிதுங்கிப் போய்விடும். வீசி எறியத் தேவையே இல்லை. வழக்கமான வயல் ரகத்தின் குறியீடு ஆர்-1. நெல், கரும்பு வயலுக்கான ஆர்-2-இல் கட்டை ஏறத்தாழ இரட்டிப்பு உயரம். டிராக்டரின் முன் டயர் 6.00-16 ஜீப் ரிம்மில் ஏறுகிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அதில் இருப்பது ஸ்டியரிங்குக்கான நெடுக்கு வரிகள், இழுவைக்கு உதவாது. கட்டை உள்ள மினி டிராக்டர் அளவுகள் 8.00-18, 8.3-20 போன்றவை; அதற்கு ரிம்மை வெட்டி ஒட்ட வேண்டும்.

மாட்டும்போது 'வி'யின் கூர்முனை முதலில் தரையைத் தொட வேண்டும். மாற்றி மாட்டினால் சேறு நடுவுக்குத் திரண்டு கட்டிப்படும். சரியாக மாட்டினாலும் ரிவர்ஸில் இதே கதிதான். மாட்டிக்கொண்டால் பின்னால் எடுத்து மறுபடி பாயும் உத்தி இதில் பலிக்காது. வேகக் குறியீடு ஏ8 என்றால் 40 கி.மீ., ஏ6 என்றால் 30 கி.மீ. மட்டுமே. பெட்ரோல் எஞ்சினால் 60-இல் சுற்றினால் கட்டையின் அடி பிளக்கும். இதையெல்லாம் விட, பல போட்டிகளின் விதிகள் இதை அனுமதிப்பதில்லை. விதிப்புத்தகத்தை முதலில் படியுங்கள். டயர் உயரத்துக்கும் வரம்பு இருக்கலாம்.

ரீட்ரெட் (பழைய டயருக்குப் புது ட்ரெட் ஒட்டியது) பற்றி ஒரே வரி: விலை பாதி, ஆனால் குறைந்த காற்றில் சூடேறி ட்ரெட் பிரிவதால் வின்ச் பயிற்சிக்குப் போதும், போட்டிக்கு வேண்டாம்.

வண்டிக்கு ஏற்ற முடிவு

ஜிப்ஸியின் ஒரிஜினல் டயர் 205/70 ஆர்15. உயரம் சுமார் 26.3 அங்குலம். அதில் 31 அங்குல டயர் போட்டால் தரையில் கிடைக்கும் இழுவிசை 15 சதவீதம் குறையும், 35 போட்டால் கால்வாசி போய்விடும். எஞ்சினின் முறுக்குவிசையே 103 நியூட்டன் மீட்டர்தான். கிரவுன் பினியன் (ஆக்சிலில் உள்ள கடைசிக் கியர் ஜோடி) அல்லது டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) விகிதத்தை மாற்றாமல் 35 அங்குல நைலான் போட்ட ஜிப்ஸி, பார்க்க அழகாக இருக்கும். சேற்றில் இரண்டாவது கியரில் மூச்சு வாங்கி நிற்கும். கியர் மாற்றாதவருக்கு 31×10.5-15 போதும். அதற்கும் 7 அங்குலத்துக்குக் குறையாத ரிம் வேண்டும். பழைய ஒல்லி ரிம்மிலேயே ஏற்றினால் நடுப்பகுதி உப்பி, ஓரப் பட்டன்கள் தரையைத் தொடாது.

பழைய டீசல் ஜீப்புக்கு முறுக்கு உண்டு, சுழல்வேகம் இல்லை. லோ கியரில் அது தவழத்தான் செய்யும். அதற்குப் பட்டன் எண்ணிக்கை குறைந்த, பள்ளம் அகன்ற, ஒல்லியான நைலான். விதி இடம் கொடுத்தால் டிராக்டர் டயர். ரேடியல் மட் டெரெய்ன் அதில் காசு வீண்.

2020-க்குப் பின் வந்த தாருக்கு 300 நியூட்டன் மீட்டர் இருப்பதால் ரேடியலைச் சுத்தமாகச் சுற்றும். வாரம் முழுக்க ரோட்டில் ஓடி, வருடத்தில் ஓரிரு போட்டிக்குப் போகிற வண்டி என்றால் ரேடியலே சரி. ஆனால் 255/65 ஆர்18-ஐ விட்டு 16 அங்குல ரிம்முக்கு இறங்குங்கள். கம்பெனியே 245/75 ஆர்16 கொடுத்த மாடல் உண்டு. சைடு வால் 166 மி.மீ.யிலிருந்து 184 ஆகும். காற்றை இறக்க அந்த இடம்தான் வேண்டும். போட்டிக்கென்றே ஒதுக்கிய தாருக்கு 35 அங்குல நைலான், பீட்லாக், கூடவே வலுவான ஆக்சில். ஒரு டயரே 30 கிலோவைச் சுற்றி வரும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, சுற்றிக்கொண்டிருக்கும் அந்தச் சக்கரம் திடீரென்று வேரில் பிடித்தால் முதலில் போவது முன் ஆக்சிலின் ஜாயின்ட், அப்புறம் ஷாஃப்ட், அப்புறம் கிரவுன் பினியன்.

காற்றும் பீட்டும்

பீட்லாக் இல்லாத ரேடியலுக்கு 15–18 பிஎஸ்ஐ. 12-க்குக் கீழே போனால் சரிவில் திரும்பும்போது டயர் ரிம்மை விட்டு உருவிவிடும். பீட்லாக் இருந்தால் 6–10. அடித்தளம் உள்ள கூழ்ச் சேற்றில், வெட்டி இறங்குவதற்காக 20 வரை ஏற்றியும் ஓட்டலாம். பெட்ரோல் பங்கில் பார்க்கும் மீட்டர் இந்த அளவில் பொய் சொல்லும். 0–30 வரை மட்டும் காட்டும் தனி கேஜ் வாங்குங்கள்.

ட்யூப் போட்டுக் காற்றை இறக்குகிறவர்களுக்கு வரும் கோளாறு வேறு: டயர் ரிம்மில் நழுவி, கூடவே ட்யூபையும் இழுத்து, வால்வை வேரோடு பிடுங்கும். ரிம்மிலிருந்து டயர் வரை பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்து, ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் பிறகு பாருங்கள். கோடு இரண்டு விரல் விலகியிருந்தால் காற்றை முழுதும் இறக்கி ட்யூபைத் திருப்பி வைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பீட்லாக் வளையத்தின் போல்ட்டுகளை எதிரெதிராக, மூன்று நான்கு சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அளவு தயாரிப்பாளர் சொன்னபடி. ஒரே மூச்சில் ஒரு பக்கமாக இறுக்கினால் வளையம் கோணி, எதிர்ப்பக்கம் காற்று கசியும். முதல் ஸ்டேஜ் முடிந்ததும் மறுபடி இறுக்குங்கள், பீட் அமுங்கியிருக்கும்.

பழைய செட் வாங்கினால் சைடு வாலில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் நிறைய இருந்தும் ரப்பர் வெயிலில் இறுகியிருந்தால் ஈரக் கல்லில் வழுக்கும், கட்டைகள் துண்டு துண்டாகப் பிய்யும். பள்ளத்தை அகலப்படுத்தச் சூட்டுக் கத்தியால் ஓரப் பட்டனை ஒன்று விட்டு ஒன்று வெட்டுவது நைலானில் பலிக்கும். அடியில் குறைந்தது 3 மி.மீ. ரப்பர் மிஞ்ச வேண்டும், நைலான் நூல் தெரிந்தால் அந்த டயர் தண்ணீர் குடித்து அடுக்கு பிரியும். தடம் கல் நிறைந்ததென்றால் வெட்டவே வேண்டாம், மெலிந்த பட்டன் முதலில் பிய்வது அங்கேதான்.

கடைசியாக வீடு திரும்பும் வழி. தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. 35 அங்குல நைலானும் பீட்லாக்கும் போட்ட வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். ரோட்டு டயரோடு வந்து களத்தில் மாற்றுகிறவர்கள், ரிம்மின் உட்புறச் சேற்றைக் கழுவிவிட்டு ஏற்றி வையுங்கள். காய்ந்தால் சுத்தியல் கொண்டுதான் பெயர்க்க முடியும்.