காமிக்ஸ் கிரேடிங்குக்கு அனுப்பும் முன்: 486 டாலர் போன விதம்

பெட்டியை இன்றுதான் பிரித்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பெயர் வேண்டாம், காமிக்ஸைத் தபாலில் வாங்கி, 10-க்கு மதிப்பெண் போட்டு, ஸ்லாப் எனும் மூடி ஒட்டிய பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் திருப்பி அனுப்புகிற சேவை. எட்டு இதழ்கள், பிரஸ்ஸிங்கும் (அழுத்தி நேராக்குவது) சேர்த்து. போனது 486 டாலர்.

நம்பியது ஒரே ஒரு வரியை: "45 வேலை நாட்கள்". சாட்டில் கேட்டதற்கும் "ஆமாம் சார், ஒன்பதே வாரம்" என்றார்கள். எந்த நாளிலிருந்து என்று கேட்கவில்லை, அங்கேதான் கோட்டை விட்டது. பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய நாள் அவர்களுக்குக் கணக்கே இல்லை. பெட்டியைப் பிரித்து, படிவத்தோடு ஒப்பிட்டு, கணினியில் ஏற்றுகிறார்களே, அதுதான் முதல் நாள். பிரிக்க ஆளில்லாமல் பெட்டி 41 நாள் அப்படியே கிடந்தது. அப்புறம் பிரஸ்ஸிங்குக்குத் தனி வரிசை. அது முடிந்து கிரேடிங்குக்குப் போனதும் 45 நாள் மறுபடி ஒன்றிலிருந்து. ஒன்பது வாரம் ஏழு மாதமானது இப்படித்தான்.

தாமதம்தானே என்று விட்டுவிட முடியாது. பிரஸ்ஸிங் என்பது ஈரமும் சூடும் கொடுத்து அழுத்தி, மை உடையாத மடிப்பையும் நெளிவையும் நேராக்குவது. அழுத்திய இதழை உடனே ஸ்லாபில் அடைக்காமல் வாரக்கணக்கில் போட்டு வைத்தால், தாள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பழைய நெளிவுக்கே திரும்பிவிடலாம். இரண்டு இதழ்களில் முதுகுப் பக்கம், அதாவது பின் அடித்த மடிப்போரம், அலை அலையாக இருக்கிறது, ஸ்லாபுக்குள்ளேயே! 9.8 வரும் என்று அனுப்பியவை, வந்தது 9.4. புதிய காலத்து இதழ்களில் 9.4-க்கு விற்றால் பெரும்பாலும் கட்டணம்கூடத் தேறுவதில்லை.

கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில்களைப் பாருங்கள். முதலில் "வரிசையில் இருக்கிறது". மூன்றாம் மாதம் "புதிய பணியாளர்களைச் சேர்த்து வருகிறோம்". ஐந்தாம் மாதம் பதிலே இல்லை, என் புகார் டிக்கெட் தானாக மூடிக்கொண்டது. ஆள் சேர்த்தால் எது வேகமாகும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த இரண்டாவது பதில் சிரிப்பு. பெட்டி பிரிக்கச் சில நாளில் பழக்கிவிடலாம். பக்கங்களை எண்ணி, விளிம்பு வெட்டியிருக்கிறதா, நிறம் தீட்டி மறைத்திருக்கிறதா, கிழிசலை ஒட்டியிருக்கிறதா, பின்னை மாற்றியிருக்கிறதா என்று பிடிக்கிற கண் அவ்வளவு சீக்கிரம் வராது. ஒரே இதழை ஒருவருக்கு மேல் பார்த்து, கடைசியில் மூத்தவர் ஒருவர் மதிப்பெண்ணை முடிவு செய்ய வேண்டும். ஆக வாசலில் அடைத்துக்கொண்டிருந்த கூட்டம் உள்ளே நகர்ந்து கிரேடர் மேஜையில் அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அங்கேயும் எக்ஸ்பிரஸ் கட்டணம் கட்டியவர்களின் இதழ்தான் முன்னால் போகும்.

இன்னொரு வயிற்றெரிச்சல். முதலில் கட்டியது 394 டாலர். ஓர் இதழின் சந்தை மதிப்பு நான் தேர்ந்தெடுத்த கட்டணப் பிரிவின் வரம்பைத் தாண்டுகிறது என்று சொல்லி, கேட்காமலே மேல் பிரிவுக்கு மாற்றி 92 டாலரைக் கார்டில் எடுத்துக்கொண்டார்கள். விதியில் இருக்கிறதாம், சரி. மேல் பிரிவின் காசு எடுத்தவர்கள் மேல் பிரிவின் வேகத்தையும் தர வேண்டாமா? அந்த இதழும் மற்ற ஏழோடு அதே நாளில்தான் வந்தது. அதன் லேபிளில் இரண்டாம் அச்சு என்ற குறிப்பும் விட்டுப்போயிருக்கிறது. திருப்பி அனுப்பினால் இலவசமாகத் திருத்துவார்களாம். மறுபடி வரிசையில் நின்று!

ஆலோசனை என்று நிதானமாக எழுத இப்போது மனம் இல்லை. நாள் கணக்கு எப்போது தொடங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள், சாட் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிரஸ்ஸிங்கையும் கிரேடிங்கையும் ஒரே இடத்தில் கொடுத்தால் இடையில் எத்தனை நாள் கிடக்கும் என்று கேளுங்கள். அனுப்பும் முன் முதுகையும் நான்கு மூலைகளையும் பின்களையும் கிட்டத்தில் படம் எடுங்கள். என்னிடம் முன் அட்டைப் படம் மட்டும்தான் இருக்கிறது, எதையும் நிரூபிக்க முடியவில்லை. கார்டு பணத்தைத் திரும்பக் கேட்க வங்கி தரும் கெடு எத்தனை நாள் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். "இதோ வந்துவிடும்" என்று அவர்கள் இழுத்த இழுப்பில் 486 டாலருக்கு என் கெடு முடிந்தே போயிற்று.