கல்லூரி ஊராகச் சேலம்: குடியிருந்தவரின் அனுபவம்

மாம்பழத்துக்கும் வெள்ளிக் கொலுசுக்கும் பெயர்பெற்ற ஊர் என்ற அளவில் மட்டுமே சேலத்தை அறிந்திருந்த நான், பணிமாறுதலில் வந்து அஸ்தம்பட்டியில் வாடகை வீடு எடுத்துச் சில ஆண்டுகள் ஆன நிலையில், அதை ஒரு கல்லூரி ஊராகவே கருதுகிறேன். 1857இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி நகருக்குள்ளும், 1966இல் வந்த அரசு பொறியியல் கல்லூரியும் 1997இல் நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகமும் கருப்பூரிலும், மருத்துவக் கல்லூரி இரும்பாலை சாலையிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. இதனால் மாணவர்களுக்கென்று தனிப் பேட்டை எதுவும் உருவாகவில்லை. அவர்கள் ஊரெங்கும் கலந்திருக்கிறார்கள். இங்கு வாழ்வதில் எனக்குப் பிடித்ததும் இதுவே.

காலையில் கருப்பூர் வழியாக ஓமலூர் செல்லும் பேருந்தில் ஏறினால் இது விளங்கும். இருக்கை கிடைத்தவர் மடியில் மூன்று நான்கு புத்தகப் பைகள் சேர்ந்துவிடும். "அக்கா, இதையும் கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்று நீட்டும் பெண்ணை நமக்குத் தெரியாது; ஆனால் பல்கலைக்கழக வாசலில் அவள் இறங்குவதற்குள், எந்தத் துறை, எப்போது செமஸ்டர் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

மாலையைத் தட்டுவடை செட் கடைகளில் பார்க்க வேண்டும். ஒரு தட்டுவடையின் மேல் சட்னியைத் தடவி, கேரட், பீட்ரூட் துருவலையும் வெங்காயத்தையும் குவித்து, இன்னொன்றால் மூடிக் கடைக்காரர் நீட்டுகிறார். ஒரே வாயில் போட்டுக்கொள்ளாவிட்டால் சட்டையில் பீட்ரூட் கறை உறுதி. கையில் காசு குறைந்த மாணவனும் வேலை முடிந்து வரும் வெள்ளிப் பட்டறைத் தொழிலாளியும் அதே தள்ளுவண்டியில்தான் நிற்கிறார்கள். மாணவர்களை நம்பி விலையை ஏற்றும் கடைகளும் உண்டு. அவை கல்லூரி வாசல்களில் இருக்கின்றன, தவிர்ப்பது எளிது.

குறைகளும் உள்ளன. கல்லூரிகளுக்கு அருகில் வீடு தேடும் குடும்பத்தினர் சற்றுத் திணறுவார்கள், ஏனெனில் ஒரே வீட்டைத் தலைக்கு இவ்வளவு என்று மாணவர்களுக்கு விடுவதில் உரிமையாளருக்கு வரும்படி அதிகம். ஐந்து ரோடு சந்திப்பில் ஈரடுக்கு மேம்பாலம் 2020இல் திறக்கப்பட்ட பின்னும், கீழே மாலை நெரிசல் ஒழியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போவதை நான் விட்டுவிட்டேன். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இருசக்கர வாகனங்களின் அணிவகுப்பு. வார நாள் காலையில் போனால் மலைப்பாதை நமக்கே உரியது.

மே மாதத்தில் விடுதிகள் காலியாகும்போது ஊர் வெறிச்சோடிவிடும் என்று எதிர்பார்த்தேன். தேர்வுக் காலத்தில் வரிசை நிற்கும் ஜெராக்ஸ் கடைகள் மட்டுமே சோர்ந்தன. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளும் அம்மாப்பேட்டைத் தறிகளும் தம் போக்கில் ஓடின, மாம்பழம் வேறு வந்து குவிந்தது. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா வரும்போது மாணவர்கள் மறுபடி வந்து சேர்ந்திருப்பார்கள், வெளியூர்ப் பிள்ளைகளும் கூட்டத்தோடு கூட்டமாகக் கோவிலைச் சுற்றுவார்கள்.

இரவு பத்து மணிக்கு மேலும் கேளிக்கை வேண்டுவோருக்குச் சேலம் ஏமாற்றமாக இருக்கலாம். குடும்பத்தோடு வருபவர்கள் அஸ்தம்பட்டி, கன்னங்குறிச்சிப் பக்கம் தேடலாம். ஜூனில் சேர்க்கை தொடங்குமுன் வீடு பார்த்துவிட்டால் பேரம் பேச இடமிருக்கும்.